மூன்று துளைத் தாள்கள்: வாசகர் கேள்விகளும் ஓர் அனிமேஷன் ஓவியரின் பதில்களும்

சென்னையில் ஓர் அனிமேஷன் நிறுவனத்தில் பணியாற்றியபோது, 1998-ஆம் ஆண்டு நான் பென்சிலால் வரைந்த ஐந்து தாள்களைச் சென்ற இதழில் ஆசிரியர் வெளியிட்டிருந்தார். ஒரு குதிரை கழுத்தைத் திருப்பி, தன் முதுகின் மேல் இருந்த சிறுவனைக் காணாமல் திகைக்கும் காட்சிக்கு உரியவை அவை. அந்தத் தாள்களைப் பற்றியும், காமிக்ஸ் மூல ஓவியங்களைச் சேகரிக்கும் என் பழக்கத்தைப் பற்றியும் கடிதங்கள் வந்துள்ளன. ஒரே பொருளைக் கேட்ட கேள்விகளை ஒன்றாக்கி இங்கே பதில் எழுதுகிறேன்.

தாள்களின் அடியில் மூன்று துளைகள் இருக்கின்றன. சில எண்களுக்கு வட்டமும் சில எண்களுக்கு அடிக்கோடும் இட்டிருக்கிறீர்கள். ஓரத்தில் ஏணி போல ஒரு படம் வேறு இருக்கிறது. இவையெல்லாம் என்ன?
– வாசகி, தஞ்சாவூர்

குதிரையை விட்டுவிட்டு ஓரத்தைப் பார்த்திருக்கிறீர்கள். எங்கள் தொழிலில் சேர்ந்திருந்தால் நன்றாக வந்திருப்பீர்கள். மூன்று துளைகளில் நடுவில் இருப்பது வட்டம், இருபுறமும் இருப்பவை நீள்சதுரம். வரைபலகையில் பதித்த பட்டையில் அதே வடிவத்தில் மூன்று முளைகள் இருக்கும். அதற்குப் பெக் பார் என்று பெயர். தாளை அதில் மாட்டிவிட்டால் மயிரிழையும் நகராது. பலகையின் நடுவே கண்ணாடியும் அதற்கு அடியில் விளக்கும் இருப்பதால், ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த நான்கைந்து தாள்களின் கோடுகள் ஒரே நேரத்தில் தெரியும். தாள்களை விரல் இடுக்குகளில் பிடித்து மாற்றி மாற்றிப் புரட்டினால், படம் கேமராவுக்குப் போவதற்கு முன்பே நம் கையிலேயே அசையத் தொடங்கிவிடும்.

திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 சட்டங்கள், அதாவது ஃபிரேம்கள். ஒவ்வொரு படத்தையும் இரண்டு சட்டங்களுக்கு நிறுத்திவைப்பது வழக்கமாதலால், ஒரு நொடிக்கு 12 படங்கள் வரைந்தால் போதும். இதனால்தான் என் தாள்களின் எண்கள் எல்லாம் ஒற்றைப்படையாக இருக்கின்றன. 1-இல் தொடங்கி 49-இல் முடியும் அந்தக் காட்சியில் மொத்தம் 25 தாள்கள், 50 சட்டங்கள். அதாவது இரண்டு நொடிகளுக்குச் சற்றுக் கூடுதல். வட்டமிட்ட 1, 25, 49 ஆகியவை கீ எனப்படும் முதன்மைப் படங்கள். அவற்றை வரைபவர்தான் அந்தக் காட்சியின் நடிகர். அடிக்கோடிட்ட 13-உம் 37-உம் பிரேக்டவுன்கள். ஒரு முதன்மைப் படத்திலிருந்து அடுத்ததற்கு எந்த வழியாகப் போக வேண்டும் என்பதை அவை காட்டும். எஞ்சிய இருபதும் இன்பிட்வீன்கள், அதாவது இடைப்படங்கள். ஏணி போன்ற படம், அந்த இருபதையும் எவ்வளவு நெருக்கமாக அல்லது எவ்வளவு தள்ளி வரைய வேண்டும் என்று முதன்மை ஓவியர் இடைப்பட ஓவியருக்கு விடும் கட்டளை. படிகள் நெருங்கியிருக்கும் இடத்தில் குதிரை மெதுவாக அசையும். விலகியிருக்கும் இடத்தில் சடாரென்று திரும்பும்.

இடைப்படம் என்றால் இரண்டு கோடுகளுக்கு நடுவே மூன்றாவது கோடு போடுவதுதானே என்று நானும் வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் நினைத்தேன். அப்படிப் போட்டால், இடப்பக்கம் பார்க்கும் முகத்துக்கும் வலப்பக்கம் பார்க்கும் முகத்துக்கும் நடுவில் மூக்கு நேர்கோட்டில் பயணம் செய்யும். பார்ப்பவருக்கு முகம் திரும்புவது போலத் தோன்றாது, நசுங்கி மீள்வது போலத்தான் தோன்றும். உயிருள்ள எதுவும் வில் போன்ற வளைவில்தான் அசைகிறது. ஆகவே நடுப்படத்தில் மூக்கு சற்றுக் கீழே இறங்க வேண்டும். என் மேற்பார்வையாளர் எதுவும் பேசவில்லை. என் பதினொரு தாள்களையும் அடுக்கி, ஒவ்வொன்றிலும் மூக்கின் நுனியில் சிவப்புப் புள்ளி வைத்து, அத்தனை புள்ளிகளும் ரூல் தடியால் போட்டது போல வரிசையாக நிற்பதைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

இந்தத் துறைக்கு எப்படி வந்தீர்கள்? அன்றைய வேலை எப்படி இருந்தது?
– வாசகர், கோவில்பட்டி

கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் படித்துவிட்டு, கடைப் பெயர்ப்பலகைகள் எழுதிக்கொண்டிருந்தபோது செய்தித்தாளில் விளம்பரம் பார்த்து வந்தேன். தேர்வில் மாவு மூட்டை ஒன்று குதிப்பதை வரையச் சொன்னார்கள். முகமோ கையோ காலோ இல்லாத மூட்டைக்குக் களைப்பையும் மகிழ்ச்சியையும் கொடுக்கத் தெரிகிறதா என்று பார்ப்பதற்காக உலகெங்கும் தரப்படும் பழைய பயிற்சி அது என்று பின்னர்தான் அறிந்தேன்.

எங்களுக்கு வந்த வேலை பெரும்பாலும் வெளிநாட்டுத் தொலைக்காட்சித் தொடர்களுக்கு உரியது. கதையும் பாத்திரங்களின் மாதிரித் தாள்களும், எந்தச் சட்டத்தில் எந்த எழுத்தை உச்சரிக்க வாய் திறக்க வேண்டும் என்பது வரை குறித்த எக்ஸ்போஷர் ஷீட்டுகளும் கூரியரில் வந்து இறங்கும். நாங்கள் வரைந்து அனுப்புவோம். மே மாதத்தில் விளக்குப் பலகையின் சூடும் சென்னையின் சூடும் சேர்ந்துகொள்ளும். மணிக்கட்டின் வியர்வை பட்டால் தாள் சுருளும் என்பதால் ஆளுக்கொரு கைக்குட்டையைக் கைக்கு அடியில் விரித்துக்கொள்வோம். இப்போதும் என் தாள்கள் சிலவற்றின் வலது மூலையில் நெளிவு இருப்பதைக் காணலாம். கைக்குட்டை நழுவிய நாட்கள் அவை.

ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். வேலை முடிந்த தாள்கள் ஒப்பந்தப்படி வாடிக்கையாளருக்குச் சொந்தம். ஆனால் வாடிக்கையாளர் அவற்றைத் திரும்பக் கேட்டதில்லை. நான் இருந்த நிறுவனம் இடம் மாறியபோது, நான்கு ஆண்டுகளின் கட்டுகள் அனைத்தும் பழைய பேப்பர் கடைக்கு எடை போட்டு விற்கப்பட்டன. அன்று மாலை நிறுவனத்தின் வாயிலில் நின்ற தட்டுவண்டியிலிருந்து, மேலாளரின் அனுமதியோடு, என் கைக்கு எட்டிய இரண்டு கட்டுகளை எடுத்துக்கொண்டேன். என் அலமாரியில் இருப்பவை முழுவதும் அந்த இரண்டு கட்டுகளிலிருந்து வந்தவைதான்.

என் மாமா 1980-களில் அமெரிக்காவிலிருந்து ஒரு கார்ட்டூன் செல் ஓவியத்தை வாங்கிவந்தார். சட்டமிட்டு மாட்டியிருந்தோம். இப்போது அதில் புளித்த காடி வாசனை வருகிறது. வண்ணமும் பின்தாளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. என்ன செய்வது? செல் என்றால் என்ன என்பதையும் சொல்லுங்கள்.
– வாசகி, கோயம்புத்தூர்

முதலில் அதைச் சட்டத்திலிருந்து வெளியே எடுங்கள். ஆனால் ஒட்டிய தாளை உரிக்க முயலாதீர்கள். செல் என்பது கண்ணாடி போன்ற தகடு. அதன் முன்பக்கத்தில் கோடும் பின்பக்கத்தில் வண்ணமும் இருக்கும். தாளை உரித்தால் வண்ணமும் அதனுடனேயே வந்துவிடும்.

உங்களுக்கு வரும் வாசனை உண்மையிலேயே காடியின், அதாவது வினிகரின், வாசனைதான். செல் தகடு செல்லுலோஸ் அசிடேட்டால் ஆனது. வெப்பத்திலும் ஈரத்திலும் அது சிதையத் தொடங்கினால் அசிட்டிக் அமிலம் வெளிப்படும். வெளிப்பட்ட அமிலமே மேலும் சிதைவைத் தூண்டும். ஆகவே காற்றுப் புகாமல் அடைத்துவைப்பது நோயாளியை நோயோடு அறையில் பூட்டுவதற்குச் சமம். அமிலமற்ற தாள் உறையில் தளர்வாக இட்டு, மற்றச் செல்களிடமிருந்து விலக்கி, வீட்டிலேயே குளிர்ச்சியான, ஈரம் குறைந்த இடத்தில் படுக்கைவாட்டில் வையுங்கள். லாமினேட் செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். ஒட்டியதைப் பிரிக்க, காகிதப் பாதுகாப்பில் பயிற்சி பெற்ற ஒருவரைத்தான் நாட வேண்டும்.

செல் எதற்குத் தோன்றியது என்பதற்கு ஒரு கதை உண்டு. காமிக்ஸ் ஓவியரான வின்சர் மக்கே, 1914-இல் கெர்ட்டி என்னும் டைனோசரை அசையவைத்தபோது, ஆயிரக்கணக்கான மெல்லிய அரிசித்தாள்களில் டைனோசரை மட்டுமன்றி, பின்னாலிருக்கும் மலையையும் நீரையும் கூட ஒவ்வொரு தாளிலும் மீண்டும் வரைய வேண்டியிருந்தது. பின்னணியைப் பிரதியெடுப்பதற்காகவே ஓர் இளைஞரை அவர் உதவியாளராக வைத்திருந்தார். அசையாத பொருளை எதற்காக ஆயிரம் முறை வரைய வேண்டும் என்ற கேள்விக்கு ஏர்ல் ஹர்ட் கண்ட விடைதான் செல்: பின்னணியை ஒரே முறை தீட்டிவிட்டு, அசையும் பாத்திரத்தை மட்டும் கண்ணாடி போன்ற தகட்டில் வரைந்து அதன்மேல் வைப்பது. 1914-இன் இறுதியில் அவர் அதற்குக் காப்புரிமை கோரினார்.

தகடு விலை கூடியதாக இருந்ததால், டிஸ்னி உட்படப் பல நிறுவனங்களில் படம் பிடித்து முடித்த செல்களைக் கழுவி மறுபடியும் பயன்படுத்தினார்கள். பிற்பாடு, 1955-இல் திறக்கப்பட்ட டிஸ்னிலாந்தில் அவற்றைச் சில டாலர்களுக்குச் சுற்றுலாப் பயணிகளிடம் நினைவுப்பொருளாக விற்றார்கள். டிஸ்னி நிறுவனம் செல்லில் கையால் வண்ணம் தீட்டி எடுத்த கடைசி முழுநீளப் படம் 1989-இல் வந்தது. அடுத்த ஆண்டே வண்ணப்பணி கணினிக்குப் போய்விட்டது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் பென்சில் தாள்களை ஸ்கேன் செய்து கணினியில் வண்ணமிட்டார்கள். அதனால் என் தொழில்வாழ்க்கையின் செல் ஒன்றுகூட என்னிடம் கிடையாது.

காமிக்ஸ் ஓவியம் சேகரிக்கும் ஆர்வம் அனிமேஷன் ஓவியருக்கு எங்கிருந்து வந்தது? இரண்டும் வேறு வேறு கலைகள் அல்லவா?
– வாசகர், திருநெல்வேலி

வேறு கலைகள்தாம், ஆனால் ஒரே வீட்டுப் பிள்ளைகள். மக்கேயைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். ஜப்பானின் ஒசாமு தெசுகா, மங்கா என்னும் அந்நாட்டுக் காமிக்ஸை வரைந்து புகழ்பெற்று, 1963-இல் தன் படைப்பையே தொலைக்காட்சித் தொடராக எடுத்தார். அலெக்ஸ் டோத் காமிக்ஸிலிருந்து ஹன்னா-பார்பெரா நிறுவனத்துக்குப் போய்ப் பாத்திரங்களை வடிவமைத்தார்.

என் மனத்துக்கு நெருக்கமானவர் ஜாக் கிர்பி. பின்னாளில் அமெரிக்க சூப்பர்ஹீரோ காமிக்ஸின் முகத்தையே மாற்றிய அவர், 1930-களின் நடுவில் ஃபிளெய்ஷர் ஸ்டூடியோவில் பாப்பாய் படங்களுக்கு இடைப்படம் வரையும் இளைஞராக இருந்தார். என்னைப் போல ஏணிப்படி பார்த்துக் கோடு போட்டவர்! தொழிற்சாலைப் பட்டறை போன்ற அந்த வேலைமுறை பிடிக்காமல் விரைவில் வெளியேறிவிட்டார். அவருடைய காமிக்ஸ் பக்கம் ஒன்றைப் பாருங்கள்: முஷ்டி நம் முகத்தை நோக்கிப் பாயும், உடல் பின்னால் வில்லாய் வளைந்திருக்கும். இருபது இடைப்படங்களில் வர வேண்டிய அசைவை ஒரே முதன்மைப் படத்தில் திணித்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றும். இது என் கணிப்பு. கலை விமர்சகர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.

அவருக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். அக்காலத்தில் அச்சுக்குப் போன காமிக்ஸ் பக்கங்களைப் பதிப்பகங்களே வைத்துக்கொண்டன. பல தொலைந்தன, சில திருடுபோயின, சிலவற்றை யார் யாருக்கோ பரிசாகக் கொடுத்தார்கள். 1980-களில் மார்வெல் நிறுவனம் ஓவியர்களுக்கு அவரவர் பக்கங்களைத் திருப்பித் தரத் தொடங்கியபோது, மற்றவர்களுக்குக் கொடுத்ததைவிட மிக நீண்ட, கடுமையான நிபந்தனைப் பத்திரம் ஒன்றை கிர்பியிடம் நீட்டியது. அவர் கையெழுத்திட மறுத்தார். சக ஓவியர்களும் வாசகர்களும் அவருக்காகக் குரல் கொடுத்தார்கள். இறுதியில் 1987-இல், அவர் அந்நிறுவனத்துக்காக வரைந்திருந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களில் ஏறத்தாழ 2,000 மட்டும் அவரிடம் திரும்பின. தட்டுவண்டியின் அருகில் நான் நின்ற மாலையில் இந்தக் கதை எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மூன்றாவது கட்டையும் கேட்டிருப்பேன்.

முத்து காமிக்ஸ் பழைய இதழ்களைச் சேர்த்துவருகிறேன். இரும்புக்கை மாயாவியின் மூல ஓவியங்கள் சிவகாசியில் யாரிடமாவது கிடைக்குமா?
– வாசகர், விருதுநகர்

கிடைக்க வழியில்லை. 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாகத் தமிழுக்கு வந்த மாயாவி, 1962-இல் பிரிட்டனின் வேலியண்ட் வார இதழில் பிறந்தவர். அவரை வரைந்தவர் பார்சிலோனாவைச் சேர்ந்த ஹெசூஸ் பிளாஸ்கோ. உரிமை பெற்று வெளியிடும் பதிப்பகத்துக்கு வருவது மூலப் பக்கம் அன்று, நகல்தான். ஆகவே மாயாவியின் மூலப் பக்கம் என்று உள்ளூரில் யாராவது விலை சொன்னால் சந்தேகப்படுங்கள்.

ஆனால் சிவகாசிக்கே உரிய மூல ஓவியங்கள் உண்டு. தமிழ் காமிக்ஸ் அட்டைகளுக்காக நம்மூர் ஓவியர்கள் போஸ்டர் வண்ணத்தில் தீட்டிய படங்களைச் சொல்கிறேன். வெளிநாட்டு நாயகனின் முகத்தில் நம் சினிமா பேனரின் சிவப்பும் நீலமும் ஏறியிருக்கும். அவை அச்சகத்து மூலைகளில் கிடந்து அழிவதற்கு முன்பு, வரைந்தவரின் பெயரை அவர் குடும்பத்தினரிடம் கேட்டு எழுதிவைத்துக்கொண்டு யாராவது சேகரிக்க வேண்டும். உங்கள் ஊரிலிருந்து அரைமணி நேரப் பயணம்தானே?

மூல ஓவியத்தையும் நல்ல அச்சுப் பிரதியையும் எப்படிப் பிரித்தறிவது?
– வாசகர், ஈரோடு

பட்ட பிறகுதான் நான் கற்றேன். கண்காட்சி ஒன்றில் மூலம் என்று சொல்லி விற்ற பக்கத்தை ஒரு மாதச் சம்பளத்துக்கு வாங்கி, வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், கருமை முழுவதும் நுண்ணிய புள்ளிகள். புள்ளிகள் தெரிந்தால் அச்சு, அவ்வளவுதான். புள்ளி தெரியாவிட்டால் தாளை விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். தூரிகை மை தடித்த இடத்தில் மெல்லப் பளபளக்கும். பெரிய கருப்புப் பரப்பில் தூரிகை போன தடம் தெரியும்.

அதற்கும் மேலாக, மூலப் பக்கம் அழகாக இருக்காது. அழிக்கப்படாத பென்சில் கோடு, பிழை திருத்திய வெள்ளைப் பூச்சு, பேச்சுக்குமிழியை ஒட்டிய பசை பழுத்த மஞ்சள் கறை, அச்சகத்தார் ஓரத்தில் எழுதிய அளவு எல்லாம் இருக்கும். வெளிர்நீலப் பென்சில் கோடுகள் அச்சுக்கான புகைப்படத்தில் விழாது என்பதால் அவற்றை அழிக்காமலே விடுவார்கள். அமெரிக்கப் பக்கமென்றால் அளவையும் பாருங்கள்: ஏறக்குறைய 1967 வரை பெரிய அட்டையில் வரைந்தார்கள், பிறகு 11க்கு 17 அங்குலம் வழக்கமானது. 1950-களின் பக்கம் என்று சொல்லிச் சிறிய அட்டையைக் காட்டினால் வாங்காதீர்கள்.

காமிக்ஸ் ஓவியங்கள் கோடிக்கணக்கில் விலை போவதாகச் செய்தி வருகிறதே?
– வாசகர், சேலம்

போகின்றன. டின்டின் என்னும் காமிக்ஸ் நாயகனின் ஐந்தாவது கதைக்கு அட்டையாக, அவரைப் படைத்த ஹெர்ஜே 1936-இல் தீட்டிய ஓவியம், மடித்துவைத்திருந்த மடிப்புத் தடங்களோடே, 2021-இல் பாரிஸில் சுமார் 32 லட்சம் யூரோவுக்கு ஏலம் போனது. அடுத்த ஆண்டில் மைக் ஜெக் 1984-இல் வரைந்த ஸ்பைடர்மேன் கதையின் ஒரே ஒரு உள்பக்கம் அமெரிக்காவில் 33 லட்சம் டாலரைத் தாண்டியது. என் குதிரைக்கு இதுவரை யாரும் விலை கேட்கவில்லை.

காலஞ்சென்ற என் தந்தை வார இதழ்களில் ஓவியராக இருந்தவர். வீட்டில் அவருடைய மூல ஓவியங்கள் ஏராளமாக உள்ளன. நாங்கள் விற்கலாமா? உரிமை யாருடையது?
– வாசகி, மதுரை

தாள் வேறு, பதிப்புரிமை வேறு. தாளை விற்றால் அதை மாட்டிவைக்கும் உரிமைதான் வாங்கியவருக்குப் போகும். அச்சிட்டு விற்கும் உரிமை போகாது. இந்தியாவில் ஓவியத்தின் பதிப்புரிமை, ஓவியர் மறைந்த பின்பும் 60 ஆண்டுகளுக்கு நீடிக்கிறது.

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் உங்களுக்கு உதவும் இரண்டு இடங்கள் உள்ளன. பிரிவு 17-இன்படி, இதழின் ஊழியராக இருந்து வரைந்த ஓவியத்தில், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, இதழ்களில் வெளியிடும் உரிமை மட்டுமே இதழின் உரிமையாளருக்கு. பிற உரிமைகள் ஓவியருக்கு. ஆனால் என்னைப் போல இதழ் அல்லாத நிறுவனத்தின் ஊழியராக வரைந்தவருக்கு இந்தச் சலுகை கிடையாது. அங்கே முதல் உரிமையாளர் முதலாளிதான். பிரிவு 53ஏ-இன்படி, ஓவியரே முதல் உரிமையாளராக இருந்த மூல ஓவியம் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால், ஓவியரோ சட்டப்படியான வாரிசுகளோ அந்தத் தொகையில் பங்கு கேட்கலாம்; பங்கு 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. இந்த உரிமையைப் பற்றி ஓவியர் குடும்பங்கள் பேசி நான் கேட்டதில்லை. விற்பதற்கு முன் உங்கள் தந்தையின் பணி ஒப்பந்தத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். எல்லாவற்றுக்கும் முன்பாக, ஒவ்வொரு தாளின் பின்னாலும் எந்த இதழ், எந்தக் கதை, எந்த ஆண்டு என்பதை மென்மையான பென்சிலால் குறித்துவிடுங்கள். உங்கள் அம்மாவுக்கு நினைவிருக்கும்போதே இதைச் செய்யுங்கள்.

பழைய தாள்களை வீட்டில் எப்படிப் பாதுகாப்பது?
– வாசகர், நாகப்பட்டினம்

உங்கள் ஊர் உப்புக்காற்றில் பரண் கூடாது, வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியும் கூடாது. இரும்புப் பீரோவின் நடுத்தட்டு போதும். ராமபாணப் பூச்சிக்குப் பசையும் ஈரமும் பிடிக்கும். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை எல்லாத் தாள்களையும் வெளியே எடுத்து, வெயில் படாத இடத்தில் காற்றாட வைத்து, மீண்டும் அடுக்குங்கள். செலோடேப்பும் ரப்பர் பேண்டும் இரும்பு கிளிப்பும் தாளின் எதிரிகள். ஸ்கேன் செய்யும்போது 600 டிபிஐ அளவில் பின்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். எந்தக் காட்சி, யார் திருத்தியது என்பதெல்லாம் பல நேரங்களில் அங்கேதான் இருக்கும்.

குதிரைக் காட்சியில் 25 தாள்கள் என்று எழுதியிருந்தீர்கள். வெளியிட்டது ஐந்து. மற்ற இருபதும் உங்களிடம் இருக்கின்றனவா?
– வாசகி, புதுச்சேரி

என்னிடம் இருப்பவை பதினொன்று. அவற்றில் ஐந்தைத்தான் பார்த்தீர்கள். மற்ற பதினான்கும் தட்டுவண்டியோடு போய்விட்டன என்றே இத்தனை ஆண்டுகளாக எண்ணியிருந்தேன். சென்ற இதழைப் பார்த்துவிட்டு, அந்நாளில் எனக்கு அடுத்த மேசையில் இருந்த நண்பர் காஞ்சிபுரத்திலிருந்து ஒரு தபால் அனுப்பியிருந்தார். பிரித்தால், 31-உம் 33-உம். நான் காய்ச்சலில் விடுப்பெடுத்த நாளில் அவர்தான் அவற்றை வரைந்தாராம். எனக்கு மறந்தே போயிருந்தது. தாள்களைப் பெக் பாரில் மாட்டிப் புரட்டிப் பார்த்தேன். 31-இலும் 33-இலும் குதிரையின் இடது காது என் குதிரையினுடையதைவிடச் சற்று நீளம். 31-இன் மூலையில் தேநீர்க் கோப்பையின் வட்டக் கறை. அவ்விரண்டையும் அடுத்த இதழில் அவருடைய பெயரோடு வெளியிட ஆசிரியர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.